பாடகர் காதுக்கு எதற்கு எக்கோ?

கச்சேரி அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகள் எல்லாம் ரசிகர்களைப் பார்த்து நிற்கின்றன. பாடுபவர் அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். உயர் அதிர்வெண் ஒலி, பெட்டியின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே போகும். தாழ் அதிர்வெண் ஒலி அப்படியில்லை. பெட்டியைச் சுற்றி வளைந்து பின்னாலும் வரும். ஆகவே மெய்யெழுத்துகளின் கூர்மையும் கமகத்தின் விளிம்பும் ரசிகர்களிடம் போய்விட, மேடைக்கு வந்து சேர்வது மந்தமான ஒரு முழக்கம்தான். போதாததற்குப் பின்சுவரும் தன் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. சுவர் 30 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்வர 60 மீட்டர். நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் அதற்கு 175 மில்லி விநாடி பிடிக்கும். 1950-ல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், பேசுபவரின் குரலையே சற்றுத் தாமதித்து அவர் காதில் ஒலிக்கச் செய்தால் சரளமாகப் பேசுபவரும் திக்கித் தடுமாறுவதைப் பதிவு செய்தார். அந்தத் தடுமாற்றம் 200 மில்லி விநாடியை ஒட்டிய தாமதத்தில்தான் உச்சம் தொடுகிறது என்று பின்னர் தெரியவந்தது. நடுத்தர அரங்கின் பின்சுவர் பாடகருக்குக் கொடுப்பது ஏறத்தாழ அதே தாமதம். மேடையில் பாடகரைப் பார்த்து வைக்கும் சிறு ஒலிபெருக்கி, அதாவது மானிட்டர், இதற்காகத்தான் வந்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன் பீட்டில்ஸ் குழு வாசித்தபோது இப்படி ஒரு கருவி அவர்களுக்கு இல்லை. கூச்சலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்கவில்லை என்று அவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

மானிட்டர் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதில் எதை ஒலிக்கவிடுவது என்பதில்தான் சிக்கல். அரங்கில் கேட்கும் முழுக் கலவையை அப்படியே, எக்கோவும் ரிவெர்ப் என்னும் செயற்கை முழக்கமும் சேர்த்து மேடைக்கும் அனுப்பிவிடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். அது ஒலியியல் கணக்குக்கு ஒத்துவராத பழக்கம். ரசிகர் இன்புறக் கேட்கிறார். கலைஞர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளக் கேட்கிறார். சுருதி எங்கே இருக்கிறது, தாளம் எங்கே விழுகிறது, தன் குரல் எங்கே நிற்கிறது என்பவை தெரிந்தால் கலைஞருக்குப் போதும். அதற்கு மேல் மேடைக்கு அனுப்பும் ஒவ்வொரு ஒலியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மங்கலாக்கும். ஆகவே மானிட்டர் கலவை என்பது சேர்த்துக்கொண்டே போகும் வேலையல்ல, கழித்துக்கொண்டே வரும் வேலை. டிஜிட்டல் மிக்ஸரின் பெரிய நன்மையும் இந்தக் கழித்தலை எளிதாக்கியதுதான்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்பியல் துல்லியமாகச் சொல்கிறது. மைக் பிடித்த ஒலி மானிட்டரில் வந்து, அதே மைக்கில் மீண்டும் நுழைந்து, மறுபடி மானிட்டருக்குப் போகிறது. இந்தச் சுற்றில் ஒரு தடவை போய்வரும்போது ஏதாவதொரு அதிர்வெண்ணில் ஒலி தேயாமல் அதே அளவோடு, அதே கட்டத்தில் திரும்பி வந்தால் அந்த அதிர்வெண் தானாக வளரத் தொடங்கும். மைக் ஊளையிடுவது அதுதான். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்கிறார்கள். ஊளைக்கு முன்னால் எவ்வளவு ஒலி கூட்டலாம் என்ற எல்லையைத் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் பறிபோகும். வாய்ப்பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று என்று ஐந்து மைக்குகளும் எல்லா மானிட்டரிலும் ஒலித்தால், ஒற்றை மைக்கோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 7 டெசிபல் இழப்பு. பாடகரின் மானிட்டரில் அவர் குரலும் சுருதிப் பெட்டியும் மட்டும் போகட்டும். சுருதிப் பெட்டியைக் கம்பி வழியே நேராக மிக்ஸரில் இணைத்துவிட்டால் அது மைக் கணக்கிலேயே வராது. இழந்த 7 டெசிபலும் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடும். எந்த விலையுயர்ந்த கருவியும் இவ்வளவு ஆதாயம் தருவது அரிது. தனி ஆவர்த்தனத்தின்போது குரல் மைக்கையும் வயலின் மைக்கையும் இறக்கி வைப்பதும் இதே கணக்கில் லாபம்தான். பாடகர் தொடையில் போடும் தாளச் சத்தமும் அரங்குக்குப் போகாது.

மானிட்டரை எங்கே வைக்கிறோம் என்பதும் கழித்தலின் ஒரு பகுதி. ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் தன் வால் பக்கத்தில், அதாவது 180 பாகையில், மிகக் குறைவாகக் கேட்கும். அதற்கு மானிட்டரை மைக்கின் நேர் பின்னால் வைப்பது சரி. பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு அந்த இடம் பொருந்தாது. அதன் செவிட்டுப் புள்ளி ஏறக்குறைய 125 பாகையில் இருபுறமும் இருக்கிறது. நேர் பின்னால் அதற்கு ஓரளவு கேட்கும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டால், நல்ல மைக் வாங்கியும் ஊளை கூடிவிட்டதே என்ற புலம்பல்தான் மிஞ்சும். தரையில் சம்மணமிட்டுப் பாடுபவருக்கு மைக் வாய்மட்டத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மைக்கின் வால் தரையைப் பார்க்கும் அந்தக் கோணத்தையும் கணக்கில் எடுத்து மானிட்டரைத் திருப்ப வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். எனவே பாடகருக்கு மானிட்டரைப் பாதி தூரத்துக்கு நெருக்குவது, ஒலியைக் கூட்டாமலே அவர் காதுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் கொடுத்ததற்குச் சமம். அவ்வளவு நெருக்கும்போது மைக்கின் செவிட்டுப் பக்கத்திலேயே மானிட்டரை நிறுத்தினால்தான் ஆதாயம் நிற்கும்.

இனி மிக்ஸருக்குள் போவோம். அனலாக் காலத்தில் பெரிய மேடைகளில் மானிட்டருக்கென்றே தனி மிக்ஸரும், ஒவ்வொரு மைக்கையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் கம்பிப் பெட்டியும் வைத்தார்கள். சிறிய மேடைக்கு அது கட்டுப்படியாகவில்லை. மேடைக்குத் தனியாக ஒலி அனுப்பும் ஒன்றிரண்டு ஆக்ஸ் வெளியீடுகளை வைத்து எல்லாரையும் சமாளித்தார்கள். 2012-ல் பெரிங்கர் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்32 போன்ற மிக்ஸர்கள் இந்தக் கணக்கை மாற்றின. 32 மைக் உள்ளீடுகள், 16 கலவை பஸ்கள், 8 எஃபெக்ட் இடங்கள் ஆகியவை ஒரே பெட்டிக்குள் வந்தன. பஸ் என்பது ஒரு தனிக் கூட்டல். எந்தச் சேனலிலிருந்து எவ்வளவு என்பதை ஒவ்வொரு பஸ்ஸிலும் தனித்தனியாக வைக்கலாம். இதில் முக்கியமான ஒரு தேர்வு, ஒலியை ஃபேடருக்கு, அதாவது சேனலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்விசைக்கு, முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா என்பது. மானிட்டருக்கு முன்னால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அரங்கில் வயலினைச் சற்றுக் குறைக்கும்போதெல்லாம் மேடையிலும் அது குறைந்து, வயலின் கலைஞர் திரும்பிப் பார்ப்பார். எஃபெக்ட்டுக்குப் பின்னால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குரலின் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும், குரல் இல்லாமல் அதன் ரிவெர்ப் மட்டும் அரங்கில் அலையும்.

ரிவெர்ப் மேடைக்கு ஏன் ஆகாது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர், தாமதங்களையும் பின்னூட்டச் சுற்றுகளையும் அடுக்கி, அரங்கின் முழக்கத்தைக் கணக்கிட்டே உருவாக்கும் வழியைக் காட்டினார். இன்றைய டிஜிட்டல் ரிவெர்ப்களுக்கு அதுவே மூதாதை. ரிவெர்பின் நீளத்தை, ஒலி 60 டெசிபல் தேய எடுக்கும் நேரமாக அளக்கிறோம். மிக்ஸரில் 2 நொடி ரிவெர்ப் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பாடகர் கல்பனாஸ்வரத்தில் நொடிக்கு எட்டு ஸ்வரம் போடுகிறார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 125 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் முந்தைய ஸ்வரத்தின் ரிவெர்ப் தேய்வது 4 டெசிபல்கூட இல்லை. நான்கு ஸ்வரம் தள்ளிப் பார்த்தாலும் 15 டெசிபல்தான். 'ரி' பாடும்போது 'ஸ'வும், 'க' பாடும்போது அவை இரண்டும் மானிட்டரில் நின்றுகொண்டிருக்கின்றன. ரசிகருக்கு இது மெருகு. பத்து வரிசை தள்ளி இருப்பவர் காதில் நேரடி ஒலியோடு கலந்து இனிமையாகவே படும். சுருதி சேர்கிறதா என்று அந்தந்த நொடியில் பார்க்க வேண்டியவருக்கோ பழைய ஸ்வரங்களின் மூட்டம்தான் கிடைக்கிறது. மானிட்டரிலிருந்து வரும் ரிவெர்ப் மைக்கில் நுழைந்து மறுபடி ரிவெர்புக்குள் போவதால், 2 நொடி என்று வைத்தது நடைமுறையில் இன்னும் நீளும். ஊளையின் எல்லையும் நெருங்கி வரும்.

எக்ஸ்32-ல் இயல்பான அமைப்பின்படி 13 முதல் 16 வரையுள்ள பஸ்கள் முதல் நான்கு எஃபெக்ட்களுக்குப் போகின்றன. எஃபெக்ட்டிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கெனத் தனி ஃபேடர்கள் உண்டு. இந்தத் திரும்பு ஃபேடர்கள் அரங்கக் கலவைக்கு மட்டும் போக வேண்டும். மானிட்டர் பஸ்களில் அவை அடிமட்டத்தில் இருக்க வேண்டும். தவறு நேரும் இடமும் இங்கேதான். 'சென்ட்ஸ் ஆன் ஃபேடர்' பொத்தானை அழுத்தினால், அதே ஃபேடர்கள் அரங்கின் அளவைக் காட்டுவதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு போகிறது என்பதைக் காட்டும். மோட்டார் ஓடி எல்லாம் புது இடத்துக்கு நகரும். வேலை முடிந்து அந்தப் பொத்தானை அணைக்க மறந்தவர், அரங்கில் ரிவெர்பைக் கூட்டுவதாக எண்ணிப் பாடகரின் மானிட்டரில் கூட்டுகிறார். தேர்ந்தெடுத்திருந்தது எஃபெக்ட் பஸ்ஸாகவே இருந்துவிட்டால் இன்னும் மோசம்: ரிவெர்பின் வெளியீடு அதன் உள்ளீட்டுக்கே போய், மைக்கே இல்லாமல் மிக்ஸருக்குள்ளேயே ஊளை பிறக்கும்.

கம்ப்ரஸரும் இதே வகையில் மேடைக்குக் கேடு செய்யும். 4:1 என்று வைத்த கம்ப்ரஸரில், வரம்புக்கு மேல் பாடகர் 8 டெசிபல் உயர்த்திப் பாடினால் வெளிவருவது 2 டெசிபல் உயர்வுதான். ரசிகருக்கு அது சீரான ஒலி. அதையே தன் மானிட்டரில் கேட்கும் பாடகருக்கோ, எவ்வளவு முயன்றும் குரல் எழவில்லை என்ற உணர்வு. இன்னும் அழுத்திப் பாடுவார். இதற்கு மனித இயல்பும் துணைபோகிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் எழுதினார். மேடையில் ஒருவர் உயர்த்தினால் மற்றவரும் உயர்த்துவார். முடிவே இல்லாத அந்தப் போட்டியில் முதலில் அடிபடுவது தொண்டை. கம்ப்ரஸர் குறைத்ததை ஈடுசெய்ய 6 டெசிபல் சேர்த்திருந்தால், பாடகர் மூச்சு வாங்கும் அமைதியில் கம்ப்ரஸர் விலகிக்கொள்ள, அந்த 6 டெசிபலும் முழுதாக வெளிப்பட்டு ஊளைக்கு வழி திறக்கும். பாட்டுக்கு நடுவே ஒழுங்காக இருந்த மைக், பாட்டு நின்றதும் ஏன் கத்துகிறது என்ற புதிருக்குப் பல நேரம் இதுதான் விடை. பல டிஜிட்டல் மிக்ஸர்களில் மானிட்டருக்கான ஒலியைக் கம்ப்ரஸருக்கு முந்தைய புள்ளியிலிருந்தே எடுக்க முடியும். அந்த வசதி இருந்தும் பயன்படுத்தாதது பழக்கத்தின் பிழை.

மானிட்டரில் இப்படிக் கழிப்பதற்கு வரும் முதல் மறுப்பு பாடகர்களிடமிருந்தே. ரிவெர்ப் இல்லாத குரல் வறட்சியாகக் கேட்கிறது, பாடவே பிடிக்கவில்லை என்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று தள்ள முடியாது. மனம் ஒன்றாமல் பாடுபவர் நன்றாகப் பாட முடியாது. வறண்ட ஒலி குரலின் சிறு பிசிறையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதும் உண்மை. ஆனால் தரையில் வைத்த மானிட்டரின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அரங்கின் இயற்கையான முழக்கம் ஏற்கெனவே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் செயற்கையாக இன்னொன்று பெரும்பாலும் தேவைப்படாது. அப்படியும் கேட்டால், அரங்குக்குப் போகும் 2 நொடி ரிவெர்பை அவருக்கும் திறந்துவிடுவது தீர்வல்ல. எட்டு எஃபெக்ட் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மேடைக்கென ஒதுக்கி, ஒரு நொடிக்கும் குறைவான, அடிக்குரல் பகுதி கழித்த ரிவெர்பை அவருடைய பஸ்ஸில் மட்டும் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மேலே போட்ட கணக்கின்படி, நீளத்தை 0.8 நொடியாகக் குறைத்தால் 125 மில்லி விநாடிக்குள் 9 டெசிபலுக்கு மேல் தேய்ந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்திலிருந்து வருகிறது. ஊளையைத் தானே கண்டுபிடித்து வெட்டும் கருவிகளும், 31 பட்டை ஈக்வலைஸரும் இருக்கையில் இவ்வளவு சிக்கனம் எதற்கு என்பார்கள். ஈக்வலைஸர் உதவும், இரண்டு மூன்று முரட்டு அதிர்வெண்களை வெட்டினால் சில டெசிபல் கிடைக்கும். அதன்பின் அடுத்தடுத்த அதிர்வெண்கள் வரிசையில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டே போனால் குரலின் உயிரும் வெட்டுப்படும். பாடகர் தலையைச் சாய்த்தாலே சுற்றின் பாதை மாறி, வெட்டிய இடம் ஒன்றாகவும் ஊளை இன்னோரிடமாகவும் ஆகிவிடும். ஷ்ரோடரே 1960-களில் வேறொரு தந்திரம் சொன்னார்: ஒலியை ஒவ்வொரு சுற்றிலும் 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்திவிட்டால் ஒரே அதிர்வெண் வளர வாய்ப்பில்லை. மேடைப் பேச்சுக்கு அது நல்ல வழி. பாட்டுக்கோ, 200 ஹெர்ட்ஸ் சுருதியில் 5 ஹெர்ட்ஸ் நகர்வு என்பது ஏறக்குறைய 43 சென்ட். அரைச்சுரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவு. தம்புராவோடு சேராத குரலை மானிட்டரில் கொடுத்துவிட்டு ஊளை போயிற்று என்று மகிழ முடியாது. ஊளையை வந்தபின் அடக்குவதைவிடச் சுற்றுக்குள் போகும் ஒலியையே குறைப்பதுதான் குரலைக் கெடுக்காத வழி.

மூன்றாவது மறுப்பு, காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் வந்துவிட்டதே என்பது. ஊளைச் சிக்கலை அது ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது. மேடையில் சத்தமும் குறைகிறது. ஆனால் காதை அடைத்ததும் எலும்பு வழியே வரும் தன் குரலின் அடிப்பகுதி பெருத்துக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் நேரடி ஒலியும் ரசிகர்களின் 'ஆஹா'வும் தூரப் போய்விடும். எதிர்பாராத இடத்தில் எடுப்பை மாற்றி, பக்கவாத்தியம் அதைப் பிடித்துத் திருப்பித் தரும் இசையில் இது சிறிய இழப்பல்ல. அங்கே ரிவெர்பும் அரங்க மைக்கும் தேவைப்படுவது உண்மைதான். அந்தத் தேவையும் தனிப் பஸ்ஸில்தான் நிறைவேறும். தாமதத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். டிஜிட்டல் மிக்ஸர் எடுத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு மில்லி விநாடி, தரை மானிட்டரில் பொருட்டல்ல. மானிட்டரை ஓர் அரை மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். காதுக்குள் கேட்கும்போதோ, எலும்பு வழி உடனே வரும் குரலோடு 1 மில்லி விநாடி தாமதித்த அதே குரல் சேர்ந்து 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கும். 2 மில்லி விநாடியானால் 250 ஹெர்ட்ஸில். மானிட்டர் பஸ்ஸில் எஃபெக்ட்களை வரிசையாகச் செருகி இந்தத் தாமதத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது.

இவ்வளவையும் பார்க்க நேரம் ஏது என்பது கடைசி மறுப்பு; ஒன்றன்பின் ஒன்றாகக் கச்சேரி நடக்கும் டிசம்பர் சீசனில் நியாயமானதும்கூட. ஆனால் கழித்தல் முறைதான் குறைந்த நேரம் பிடிக்கும். எல்லா மானிட்டரையும் மௌனமாக வைத்துத் தொடங்கலாம். பாடகரின் பஸ்ஸில் முதலில் சுருதி, பிறகு அவர் குரல். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள முழக்கத்தை மானிட்டரில் வெட்டிவிடலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மிருதங்கத்தை அவர் கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்குச் சேர்க்கலாம். ஒருவர் "மிருதங்கம் இன்னும் கொஞ்சம்" என்று கைகாட்டினால், அவர் மானிட்டரில் வயலினைக் குறைப்பது முதல் முயற்சியாக இருக்கட்டும். கச்சேரி நடுவில் கெயினைத் தொடக் கூடாது. அது எல்லாப் பஸ்களுக்கும் பொதுவான மதகு, அரங்குக்காக 3 டெசிபல் கூட்டினால் எல்லா மானிட்டரிலும் 3 டெசிபல் கூடும். அமைப்பைச் சீன் ஆகச் சேமித்துக்கொண்டால், நாளைக்கு அதே வகைக் குழு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

மேடைச் சத்தத்தைக் குறைப்பதில் கலைஞரின் காதும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேடைச் சத்தத்தை 6 டெசிபல் குறைப்பது கலைஞரின் பாதுகாப்பான நேரத்தை நான்கு மடங்காக்கும். மேடை சரியாக இருக்கிறதா என்று அறிய விலையில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒலி ஒத்திகையின்போது அரங்க ஒலிபெருக்கிகளை மட்டும் நிறுத்திவிட்டு, மானிட்டர்களை ஓடவிட்டு, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். கச்சேரி அங்கேயே கிட்டத்தட்ட முழுதாகக் கேட்டால், அரங்குக்கு நீங்கள் செய்த கலவையை ரசிகர் கேட்கப்போவதில்லை. மேடையிலிருந்து கசியும் ஒலியைத்தான் கேட்கப்போகிறார். அப்போது செய்ய வேண்டியது அரங்க ஒலியை ஏற்றுவதல்ல. மானிட்டர் பஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லாததை இறக்குங்கள். முதலில் இறங்க வேண்டியது எஃபெக்ட்டின் திரும்பு ஃபேடர்.